கேள்வி பதில்: யானைக்குப் பக்கத்துல படுத்திருக்குற கனடா

போன இதழ்ல கனடா பத்தி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. பாதிப் பேர் வீட்டுல யாராச்சும் ஒருத்தர் அங்க இருக்காங்க போல. அதனால இந்தத் தடவை சினிமா, உள்ளூர் அரசியல் கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சுட்டு, முழுக்க கனடா அமெரிக்கா சமாச்சாரம் மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: கனடாவும் அமெரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரின்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். திடீர்னு என்னதான் ஆச்சு சார்?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நீங்க மட்டும் இல்ல சார், கனடாக்காரங்களே அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தாங்க, அதனாலதான் அவங்களுக்கு இது இவ்வளவு வலிக்குது. 2024 டிசம்பர்ல டிரம்ப் அப்போ பிரதமரா இருந்த ஜஸ்டின் ட்ரூடோவை 'கவர்னர்'னு கூப்பிட ஆரம்பிச்சாரு, கனடா பேசாம எங்களோட 51வது மாநிலமா சேர்ந்துடலாமேன்னாரு, சரி ஏதோ கிண்டல் பண்றாருன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. ஆனா 2025 பிப்ரவரி 1ம் தேதி வரி உத்தரவுல கையெழுத்துப் போட்டாரு. மார்ச் 4ம் தேதி அது அமலுக்கு வந்துச்சு, கனடா சரக்குக்கு 25%, எண்ணெய் கரண்ட் மாதிரி எரிசக்திக்கு 10%. ரெண்டே நாள்ல நிறைய சரக்குக்கு விலக்கு குடுத்தாங்க, அப்புறம் ஸ்டீல் அலுமினியத்துக்கு 25% போட்டாங்க, ஜூன்ல அதையே 50% ஆக்குனாங்க, ஏப்ரல்ல காருக்கு, ஆகஸ்ட்ல மிச்ச சரக்குக்கு 35%. இன்னைக்கு ஒரு வரி நாளைக்கு ஒரு வரின்னு போனா எந்தக் கம்பெனிக்காரன் அடுத்த வருஷக் கணக்கு போட முடியும் சொல்லுங்க.

அதுக்கு சொன்ன காரணம் ஃபென்டனில் போதைப்பொருள். அமெரிக்க அரசாங்கத்தோட கணக்கையே எடுத்துப் பாருங்க, 2024 நிதியாண்டுல கனடா எல்லைப் பக்கம் பிடிபட்டது சுமார் 20 கிலோ, மெக்சிகோ எல்லைப் பக்கம் 9,500 கிலோவுக்கு மேல. ஸ்டீலுக்கும் காருக்கும் வரி போட எடுத்த சட்டம் என்னன்னா 'தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து' சட்டம். 60 வருஷத்துக்கு மேல ஒரே ராணுவக் கட்டளை மையத்துல பக்கத்து பக்கத்து நாற்காலியில உக்காந்து வானத்தை காவல் காத்தவனைப் பார்த்து உன்னோட இரும்பால என் பாதுகாப்புக்கு ஆபத்துன்னு சொன்னா அது பணத்துல வர்ற அடி மட்டும் இல்லையே.

இன்னொண்ணு, 2020 ஜூலை 1ம் தேதி அமலுக்கு வந்த கனடா, அமெரிக்கா, மெக்சிகோ வர்த்தக ஒப்பந்தம் இதே டிரம்ப் முதல் ஆட்சியில தானே பேசி தானே கையெழுத்துப் போட்டது. எனக்கு வரி எவ்வளவுங்கிறதை விட இதுதான் பெரிய விஷயமா படுது. போட்ட கையெழுத்து நிக்காதுன்னு தெரிஞ்ச அப்புறம் அடுத்த ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு?

2025 மார்ச் 14ம் தேதி மார்க் கார்னி பிரதமரானாரு. அரசியல்வாதி இல்ல, கனடா ரிசர்வ் பேங்க், அப்புறம் இங்கிலாந்து ரிசர்வ் பேங்க் ரெண்டுக்கும் கவர்னரா இருந்த மனுஷன், அதுவரைக்கும் ஒரு எம்பி எலெக்ஷன்ல கூட நின்னதில்ல. பதவிக்கு வந்து ரெண்டு வாரத்துல, மார்ச் 27ம் தேதி, பொருளாதாரத்துல நெருங்கி நெருங்கிப் போறது, பாதுகாப்புல கை கோத்துக்குறதுன்னு அமெரிக்காவோட நமக்கு இருந்த அந்தப் பழைய உறவு முடிஞ்சு போச்சுன்னு வெளிப்படையா சொன்னாரு. ஒரு கனடா பிரதமர் வாயில இருந்து அந்த வார்த்தை வரும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. ஜனவரி வரைக்கும் கருத்துக்கணிப்புல 20 புள்ளிக்கு மேல பின்தங்கிக் கிடந்த அவரோட லிபரல் கட்சி ஏப்ரல் 28 தேர்தல்ல 343ல 169 சீட்டு ஜெயிச்சுச்சு, ஜெயிச்சுடுவாருன்னு எல்லாரும் நம்புன எதிர்க்கட்சித் தலைவர் சொந்தத் தொகுதியிலயே தோத்தாரு. ஜனங்க என்ன மனநிலையில இருந்தாங்கன்னு இதுலயே தெரியும்.

கேள்வி: அமெரிக்காவும் கனடாவும் எப்பவாச்சும் சண்டை போட்டிருக்கா? எங்க காலேஜ்ல ஒரு பந்தயம், அதான் கேக்குறேன்.
ஒரு மாணவர், நாகர்கோவில்

போட்டிருக்கு தம்பி. அப்போ கனடா பிரிட்டிஷ் காலனி. 1812 போர்ல அமெரிக்கப் படை உள்ள புகுந்துச்சு, 1813ல யார்க் நகரத்துல அரசாங்கக் கட்டடங்களை எரிச்சாங்க, அந்த யார்க்தான் இன்னைக்கு டொரன்டோ. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் போய் வெள்ளை மாளிகையையே கொளுத்துச்சு. இதெல்லாம் பாடப்புத்தகத்துல மட்டும் கிடந்த விஷயம், 51வது மாநிலம்னு பேச்சு வந்ததும் கனடாக்காரங்க தூசி தட்டி வெளிய எடுத்துட்டாங்க.

கூட்டணி வந்தது எப்போன்னா 1940 ஆகஸ்ட்ல. ஃபிரான்ஸ் விழுந்துடுச்சு, பிரிட்டன் தாக்குப்பிடிக்குமான்னே தெரியல, அந்த பயத்துல கனடா பிரதமர் மெக்கென்சி கிங் எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்துல இருக்குற ஆக்டென்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊருக்குப் போய் அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பார்த்தாரு. அங்க ரயில் பெட்டிக்குள்ள உக்காந்து பேசித்தான் ரெண்டு நாட்டுக்கும் நிரந்தரமான கூட்டுப் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு போட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் கனடாவுக்கு பாதுகாப்புன்னா லண்டன், அந்த நாள்ல இருந்து வாஷிங்டன். ஒரு வல்லரசு தளர்ந்ததும் அடுத்த வல்லரசு நிழலுக்கு மாறிக்கிட்டாங்க. அப்புறம் 1958ல நோராட் ஒப்பந்தம், வட அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளை. தலைமையகம் கொலராடோவுல, தலைவர் அமெரிக்கர், துணைத்தலைவர் எப்பவும் கனடாக்காரர். சோவியத் குண்டுவீச்சு விமானம் வட துருவம் வழியா வந்தா முதல்ல பார்க்குறது கனடா மண்ணுல இருக்குற ராடார்தான், அதனால அமெரிக்காவுக்கும் இது தர்மம் இல்ல, தேவை. பந்தயத்துல ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு எழுதுங்க.

கேள்வி: அண்ணை, நான் ஸ்கார்பரோவில இருக்கிறன், 20 வருசமா ட்ரக் ஓடுறன். வின்ட்சருக்கும் டெட்ரொய்ட்டுக்கும் கார் பார்ட்ஸ் ஏத்திக்கொண்டு போறனான். போன வருசம் தொட்டு லோட் குறைஞ்சு போச்சு. இங்க எல்லாரும் அமெரிக்கச் சாமான் வாங்காதேங்கோ எண்டினம், அமெரிக்காவை விட்டா எங்களுக்கு வேலை எங்க இருக்கு?
ஒரு வாசகர், டொரன்டோ

அண்ணே, உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். பேப்பர்ல வர்ற பெரிய பெரிய கட்டுரையை விட உங்க கேள்விதான் விஷயத்தோட நடு நெத்தியில அடிக்குது. பதில் சொல்றது சுலபமில்ல, இருந்தாலும் முயற்சி பண்றேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கனடாவுல அசெம்பிள் பண்ற கார், அமெரிக்காவுல அசெம்பிள் பண்ற கார்னு தனித்தனியா ஒண்ணும் கிடையாது. 1965ல ரெண்டு நாடும் ஆட்டோ ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு வரியே இல்லாம காரும் பார்ட்ஸும் போய் வரலாம்னு ஆக்கிட்டாங்க, அன்னையில இருந்து கனடாவோட ஒன்டாரியோ மாகாணமும் அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலமும் ஒரே தொழிற்சாலை மாதிரி வளர்ந்துடுச்சு, நடுவுல ஒரு ஆறு ஓடுது அவ்வளவுதான். ஒரு பார்ட்ஸ் முழு காரா ஆகறதுக்குள்ள பல தடவை எல்லை தாண்டும். வின்ட்சர் டெட்ரொய்ட் நடுவுல 1929ல கட்டுன அம்பாசடர் பாலம் ஒண்ணு மேல மட்டும் ரெண்டு நாட்டு வர்த்தகத்துல ஏறக்குறைய கால்வாசி போகுது. அதுக்குப் பக்கத்துல கார்டி ஹோவ் பேர்ல ஒரு புதுப் பாலம், செலவு முழுக்க கனடா ஏத்துக்கிட்டது. இந்த கார்டி ஹோவ் கனடாவுல பிறந்து டெட்ரொய்ட் டீமுக்கு ஆடுன ஹாக்கி வீரர், தன்னை மோத வர்றவனை முழங்கையால தடுக்குறதுல பேர் போனவரு. இப்போ கனடா முழுக்க 'முழங்கையைத் தூக்கு'ன்னு ஒரு கோஷம் போடுறாங்களே, அது அவர்கிட்ட இருந்து வந்ததுதான். ரெண்டு நாட்டையும் சேர்க்குற பாலத்துக்கும் அவர் பேரு, எதிர்த்து நிக்கிற கோஷத்துக்கும் அவரோட முழங்கை. எனக்கு இதை நினைச்சா மனசு கனமாயிடுது.

உங்க கேள்விக்கு வர்றேன். ஒன்டாரியோ அரசாங்க மதுக்கடையில 2025 மார்ச் 4ம் தேதி அமெரிக்க சரக்கை அலமாரியில இருந்து எடுத்தாங்க, ஜனங்க ஃபுளோரிடா டிக்கெட்டை கேன்சல் பண்ணாங்க, கடையில சாமானைத் திருப்பித் திருப்பி எந்த நாட்டுதுன்னு பார்த்து வாங்குறாங்க. அது ரோஷம், அதை நான் மதிக்குறேன். ஆனா அந்த ரோஷத்துக்கு ஆகுற செலவு எல்லாருக்கும் சமமா இல்ல. ஆரஞ்சு ஜூஸ் பிராண்டை மாத்துறவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, வின்ட்சர்ல ஷிஃப்ட் போனவருக்கும் உங்களை மாதிரி லோடுக்கு இவ்வளவுன்னு சம்பளம் வாங்குறவருக்கும்தான் அடி. கனடா ஏற்றுமதியில முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போகுது, ஒரு நாளைக்கு 200 கோடி டாலருக்கு மேல சரக்கு எல்லை தாண்டுது, இதை அஞ்சு வருஷத்துல யாராலயும் மாத்த முடியாது. கார்னியே அமெரிக்கா தவிர மத்த நாட்டுக்குப் போற ஏற்றுமதியை ரெட்டிப்பாக்க 10 வருஷம் ஆகும்னுதான் இலக்கு வச்சிருக்காரு. அந்த 10 வருஷமும் உங்க வீட்டு அடுப்பு எரியணும். அரசாங்கம் போடுற உதவித் திட்டத்துல பெரிய தொழிற்சாலைக்குப் போற அக்கறை ஒத்தை ட்ரக் வச்சு ஓட்டுறவங்களுக்கும் வரணும்னு உங்க எம்பி கிட்ட சங்கமா சேர்ந்து போய்க் கேளுங்க, தயங்காதீங்க. நாட்டோட தன்மானத்துக்கு நீங்க ஏற்கனவே உங்க பங்கை விட அதிகமா குடுத்துட்டீங்க.

கேள்வி: பெரிய நாடு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு இருந்துட்டு இப்போ கத்துறதுல என்ன நியாயம்? கனடா எப்பவாச்சும் 'முடியாது'ன்னு சொல்லியிருக்கா?
ஒரு வாசகி, கோவில்பட்டி

சொல்லியிருக்கும்மா, நிறைய தடவை. கியூபாவோட உறவை வெட்டச் சொல்லி அமெரிக்கா நெருக்குனப்போ கனடா வெட்டவே இல்ல. 1965ல பிரதமர் லெஸ்டர் பியர்சன் அமெரிக்காவுக்கே போய் ஒரு யுனிவர்சிட்டி மேடையில வியட்நாம் மேல குண்டு போடுறதை நிறுத்திப் பாருங்கன்னு பேசுனாரு, மறுநாள் அதிபர் ஜான்சன் அவரோட கோட்டைப் பிடிச்சுக்கிட்டுத் திட்டித் தீர்த்துட்டாரு. 2003 மார்ச் 17ம் தேதி ஜான் க்ரெட்டியன், ஐ.நா. சம்மதம் இல்லாம இராக் போருக்கு நாங்க வரலன்னு பார்லிமென்ட்லயே சொன்னாரு, ஆளுங்கட்சி எம்பிங்க எழுந்து நின்னு கை தட்டுனாங்க.

அதே நேரம் கூட நின்னதும் உண்டு. 1979ல தெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சப்போ தப்பிச்சு வந்த 6 அமெரிக்கர்களை கனடா தூதர் கென் டெய்லரும் சக அதிகாரியும் தங்களோட வீட்டுல ஒளிச்சு வச்சு, கனடா பாஸ்போர்ட் குடுத்து வெளிய அனுப்புனாங்க. ஆப்கானிஸ்தான்ல 158 கனடா வீரர்கள் செத்திருக்காங்க, அதுவும் ரொம்ப மோசமான காந்தஹார் பகுதியை எடுத்துக்கிட்டு. 2026 ஜனவரியில டிரம்ப் ஒரு பேட்டியில நேட்டோ நாட்டுப் படைகள் போர்முனையில இருந்து கொஞ்சம் தள்ளியே நின்னாங்கன்னு சொன்னாரு. அந்த 158 குடும்பம் அதைக் கேட்டிருக்கும்ல?

உங்க கேள்வியில இருக்குற கோபத்துல ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்றேன். 1969ல பியர் ட்ரூடோ, ஜஸ்டினோட அப்பா, வாஷிங்டன் பத்திரிகையாளர்கள் முன்னாடி, உங்க பக்கத்துல வாழறது யானை பக்கத்துல படுத்துத் தூங்குற மாதிரி, அது எவ்வளவு சாதுவா இருந்தாலும் லேசா புரண்டாக்கூட எங்களைப் பாதிக்கும்னு சொன்னாரு. ரெண்டே வருஷத்துல யானை புரண்டுச்சு. 1971 ஆகஸ்ட்ல நிக்ஸன் எல்லா இறக்குமதிக்கும் 10% கூடுதல் வரி போட்டாரு, வழக்கமா கனடாவுக்கு விலக்கு கிடைக்கும், இந்தத் தடவை கிடையாதுன்னுட்டாரு. அதிர்ந்து போன கனடா உக்காந்து யோசிச்சுச்சு, 1972ல வெளியுறவு அமைச்சர் மிட்செல் ஷார்ப் மூணு வழியை எழுதி வச்சாரு. முதல் வழி இப்படியே இருக்குறது, ரெண்டாவது அமெரிக்காவோட இன்னும் நெருங்குறது, மூணாவது அமெரிக்காவை நம்பியிருக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு ஐரோப்பா, ஜப்பான்னு வேற வாசல் திறக்குறது. மூணாவதுதான் சரின்னு முடிவும் பண்ணாங்க. 'மூன்றாம் வழி'ன்னு அதுக்குப் பேரே ஆயிடுச்சு.

என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. ஐரோப்பாவோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பேப்பர்ல இருந்துச்சு. கம்பெனிங்க எதுக்கு அட்லாண்டிக் தாண்டிப் போய் வேற மொழியில வேற சட்டத்துல கஷ்டப்படணும், லாரியில ஏத்துனா சாயங்காலத்துக்குள்ள சரக்கு வித்துடுது. 1988ல சுதந்திர வர்த்தகத்தை வச்சு ஒரு தேர்தலே நடந்துச்சு, ஜான் டர்னர் நாட்டையே வித்துடுறீங்கன்னு டிவி விவாதத்துல பிரையன் மல்ரோனியைக் கேட்டாரு, ஆனா மல்ரோனி ஜெயிச்சாரு, 1989 ஜனவரி 1ல ஒப்பந்தம் வந்துச்சு, 1994ல மெக்சிகோவும் சேர்ந்துச்சு. அதாவது 1972ல வேண்டாம்னு ஒதுக்குன ரெண்டாவது வழியிலயே முழுசா போயிட்டாங்க.

நான் பிறந்த ஊர் மானாவாரி இல்ல, கண்மாய்ப் பாசனம். எங்க தாத்தா வயலுக்கு ஒரே மடை. அந்த மடையில நல்லாவே தண்ணி வரும், அதனால பக்கத்து வாய்க்காலைத் தூர் வாரணும்னு அவர் வருஷா வருஷம் சொல்லுவாரு, வருஷா வருஷம் யாரும் செய்ய மாட்டாங்க, அதான் தண்ணி வருதேம்பாங்க. கனடா கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூர் வாராத வாய்க்கால்தான் ஞாபகம் வருது. கனடா அமெரிக்காவோட சிநேகமா இருந்ததைத் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அதனால அவங்களுக்கு நல்ல வாழ்க்கை கிடைச்சுது. 50 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆபத்தை, எழுதியும் வச்ச வழியை, வசதியா இருக்குன்னு விட்டுட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. எண்ணெய்க் குழாயைப் பாருங்க, மேற்குல கிடைக்குற கனடா எண்ணெய் கிழக்குல இருக்குற ஒன்டாரியோவுக்குப் போக லைன் 5னு ஒரு குழாய், அது அமெரிக்காவோட விஸ்கான்சின், மிச்சிகன் வழியா சுத்தித்தான் சார்னியாவுக்கு வருது. சொந்த எண்ணெய் சொந்த ஊருக்கு வர பக்கத்து வீட்டு அடுப்படி வழியா வரணும். பசிபிக் கடலுக்குப் போற டிரான்ஸ் மவுண்டன் குழாயை விரிவாக்குனது 2024 மே மாசம்தான், அதுவும் அரசாங்கமே விலைக்கு வாங்கிக் கட்டி முடிச்சது.

கேள்வி: கனடா எஃப் 35 விமானத்தை வாங்காம ஸ்வீடன்கிட்ட வாங்கிட்டா பிரச்சனை தீர்ந்துடாதா?
ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர், தாம்பரம்

ஐயா உங்களுக்குத் தெரியாததா. 2023 ஜனவரியில அமெரிக்காவோட இந்த எஃப் 35 போர் விமானம் 88, 1,900 கோடி கனடா டாலர்னு முடிவு பண்ணாங்க. முதல் 16க்குப் பணம் ஒதுக்கியாச்சு, 2025 மார்ச்ல கார்னி மிச்சத்தை மறுபடி ஆராயச் சொன்னாரு. அமெரிக்கா ஏதோ ஒரு பட்டனை அமுக்கி விமானத்தையே நிறுத்திடும்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சு, அதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல. பட்டன் தேவையும் இல்ல, ஸ்பேர் பார்ட்ஸும் சாஃப்ட்வேர் அப்டேட்டும் அவங்க கையில இருந்தா போதும், விமானம் கொஞ்ச நாள்ல தரையிலதான் நிக்கும். ஸ்வீடன் கிரிபென் நல்ல விமானம், ஆனா அதோட எஞ்சினும் அமெரிக்கக் கம்பெனியோடதுதான். அதோட ரெண்டு வகை விமானம் வச்சா ரெண்டு வகை மெக்கானிக், ரெண்டு வகை ஸ்டோர், எல்லாமே ரெண்டு.

இதுல பழைய காயம் ஒண்ணு இருக்கு. 1950கள்ல கனடா சொந்தமா ஆவ்ரோ ஆரோன்னு ஒரு போர் விமானம் செஞ்சுது, அந்தக் காலத்துல உலகத்துலயே முன்னணியில இருந்த வடிவமைப்பு. 1959 பிப்ரவரி 20ம் தேதி பிரதமர் டீஃபன்பேக்கர் திட்டத்தையே ரத்து பண்ணாரு, அன்னைக்கு ஒரே நாள்ல சுமார் 14,000 பேருக்கு வேலை போச்சு, செஞ்சு வச்சிருந்த விமானத்தையும் வெட்டிப் போட்டாங்க. அதுல இருந்த எஞ்சினியர்ங்க சிலர் நாசாவுக்குப் போய் அமெரிக்காவோட விண்வெளித் திட்டத்துல வேலை பார்த்தாங்க. இன்னைக்கும் கனடாவுல வயசானவங்ககிட்ட ஆரோன்னு சொன்னா கண்ணு கலங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். அதனால இப்போ வேற பக்கம் கை நீட்டுறாங்க, வடதுருவப் பகுதிக்கு ஆஸ்திரேலியாகிட்ட ராடார், நீர்மூழ்கிக்கு ஜெர்மனி, கொரியா கம்பெனிங்க போட்டி, ஐரோப்பிய யூனியனோட 2025 ஜூன்ல பாதுகாப்பு ஒப்பந்தம். நோராட்ல இருந்து மட்டும் விலகல, விலகவும் முடியாது, பூகோளம் மாறாதே.

கேள்வி: எங்க திருப்பூருக்கும் 50% வரி போட்டாங்களே, கனடா படுறதும் நாங்க பட்டதும் ஒண்ணுதானா?
பனியன் கம்பெனி மேனேஜர், திருப்பூர்

வலி ஒண்ணு, நிலைமை வேற. 2025 ஆகஸ்ட் 27ம் தேதி இந்தியாவுக்கு 50% ஆச்சு, அதுல பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குனதுக்கு தண்டனைன்னு சொன்னாங்க. உங்க ஊர்ல ஆர்டர் நின்னு, தச்ச துணி குடோன்ல கிடந்ததை நான் நேர்ல வந்து பார்த்தேன். ஆனா இந்தியா ஒரு நாளும் அமெரிக்காவோட ராணுவக் கூட்டணியில இல்ல, ரஷ்யாகிட்டயும் ஃபிரான்ஸ்கிட்டயும் ஆயுதம் வாங்குது, ஏற்றுமதியில அமெரிக்கா பங்கு அஞ்சுல ஒண்ணுக்குக் கிட்டதான். கனடாவுக்கு நாலுல மூணு. உங்க ஊர் ஏற்றுமதிக்காரங்க அந்த மாசமே பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் சாம்பிள் அனுப்ப ஆரம்பிச்சீங்க பாருங்க, அதைத்தான் கனடா 1972ல எழுதி வச்சுட்டு செய்யாம விட்டுது.

கேள்வி: அமெரிக்காவை விட்டு சீனா மடியில போய் விழறது புத்திசாலித்தனமா?
ஒரு வாசகர், சேலம்

விழுந்தா புத்திசாலித்தனம் இல்ல, அதை கனடா அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்டது. 2018 டிசம்பர்ல அமெரிக்கா கேட்டுச்சுன்னு வான்கூவர் ஏர்போர்ட்ல ஹுவாவே கம்பெனி அதிகாரி மெங் வான்ஜோவை கைது பண்ணாங்க. பதிலுக்கு சீனா மைக்கேல் கோவ்ரிக், மைக்கேல் ஸ்பேவர்னு ரெண்டு கனடாக்காரங்களைப் பிடிச்சு 1,000 நாளுக்கு மேல ஜெயில்ல வச்சுது. அமெரிக்காவுக்கு செஞ்ச உதவிக்கு விலை குடுத்தது கனடா. இப்போ 2026 ஜனவரியில கார்னி பெய்ஜிங் போய் கொஞ்சம் சீன எலெக்ட்ரிக் காரை குறைஞ்ச வரியில விடுறோம், நீங்க எங்க கனோலா எண்ணெய்வித்துக்கு வரியைக் குறைங்கன்னு பேசிட்டு வந்தாரு, உடனே டிரம்ப் 100% வரி போடுவேன்னு மிரட்டுனாரு. அதே மாசம் டாவோஸ்ல நடந்த உலகப் பொருளாதார மாநாட்டுல கார்னி பேசுனதைத்தான் நான் முக்கியமா நினைக்குறேன், இது மாறுற காலம் இல்ல, உடையிற காலம், நடுத்தர சக்தியுள்ள நாடுங்க ஒண்ணா சேரணும், பேச்சுவார்த்தை மேஜையில நமக்கு நாற்காலி இல்லன்னா நாம சாப்பாட்டு லிஸ்ட்ல இருப்போம்னாரு. கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐரோப்பா இவங்க எல்லாருக்கும் இதே தலைவலி. இவங்க தனித்தனியா வெள்ளை மாளிகை வாசல்ல வரிசையில நின்னா ஒவ்வொருத்தருக்கும் ஒரு விலை. பெரிய இன்டர்நெட் கம்பெனிங்க மேல போட்ட டிஜிட்டல் வரியை கனடா 2025 ஜூன் கடைசியில பேச்சுவார்த்தைக்காக வாபஸ் வாங்குச்சு, அக்டோபர்ல வரியை எதிர்த்து ஒன்டாரியோ போட்ட ஒரு டிவி விளம்பரம் பிடிக்கலன்னு டிரம்ப் பேச்சுவார்த்தையையே நிறுத்திட்டாரு. விட்டுக் குடுத்ததுக்கு என்ன கிடைச்சுது?

கேள்வி: கனடா மந்திரிசபையில நம்ம தமிழர்கள் இருக்காங்களாமே?
ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

ஆமாம்மா. 2025 மே மாசம் அமைஞ்ச மந்திரிசபையில, எல்லைக் காவல் எல்லாம் கீழ வர்ற பொதுப் பாதுகாப்புத் துறைக்கு கேரி ஆனந்தசங்கரி, இலங்கையில பிறந்த தமிழர். வெளியுறவுக்கு அனிதா ஆனந்த், அவங்க அப்பா தமிழ்நாட்டுக்காரர். அமெரிக்கா குற்றம் சொன்ன எல்லைக்கும், அமெரிக்காவோட பேசுற துறைக்கும் இவங்க ரெண்டு பேரும் பொறுப்புன்னா சுமை எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க.

கேள்வி: டிரம்ப் போயிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்தானே? என் பொண்ணு மான்ட்ரியால்ல, மருமகன் வேலை பார்க்குறது எல்லைக்கு அந்தப் பக்கம். பயமா இருக்கு.
ஒரு தாய், திருச்சி

பயப்படாதீங்கம்மா, வேலைக்குப் போய் வர்றவங்க போய் வந்துட்டுதான் இருக்காங்க, எல்லை மூடப்போறதில்ல. ஆனா பழையபடி ஆயிடும்னு என்னால சொல்ல முடியல. 2025 நவம்பர் பட்ஜெட்ல கனடா 7,800 கோடி கனடா டாலர் பற்றாக்குறையை ஏத்துக்கிட்டு ராணுவத்துக்கும் துறைமுகத்துக்கும் பணம் போட்டிருக்கு. அப்படி ஒரு தடவை போட்ட துறைமுகமும் குழாயும் அடுத்த அதிபர் நல்லவரா வந்தாரேன்னு திரும்ப மண்ணுக்குள்ள போயிடாது.

ஜனங்களுக்குள்ள பகை இல்லம்மா, அதை உறுதியா சொல்றேன். 2001 செப்டம்பர் 11ம் தேதி அமெரிக்க வானத்தை மூடுனப்போ 38 விமானம் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல காண்டர்னு 10,000 பேர் கூட இல்லாத ஊர்ல இறங்குச்சு. 6,500 பேருக்கு மேல அந்த விமானங்கள்ல. ஊர் ஜனங்க பள்ளிக்கூடத்தையும் சர்ச்சையும் சொந்த வீட்டையும் திறந்து விட்டு நாள் கணக்குல சோறு போட்டாங்க.

உங்க பொண்ணு இருக்குற கியூபெக் மாகாணத்துலயே ஸ்டான்ஸ்டெட்னு ஒரு ஊர். அங்க 1904ல கட்டுன ஹாஸ்கல் நூலகம்னு ஒண்ணு, வேணும்னே சரியா எல்லைக்கோட்டு மேல கட்டுனது. படிக்கிற அறைக்குள்ள தரையில கறுப்புக் கோடு ஒண்ணு போகும், இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்காவோட வெர்மான்ட். முன் வாசல் அமெரிக்கப் பக்கம், புத்தகம் பெரும்பாலும் கனடாப் பக்கம். 100 வருஷத்துக்கு மேல கனடாக்காரங்க சோதனைச்சாவடி எதுக்கும் போகாம நடைபாதையில அப்படியே நடந்து போய் அந்த முன் வாசல் வழியா நுழைஞ்சு புத்தகம் எடுத்துட்டு வந்தாங்க. 2025 மார்ச்ல அமெரிக்க அதிகாரிங்க அந்த வழியை கனடாக்காரங்களுக்கு அடைக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. நூலகக்காரங்க அழுதுட்டு உக்காரல, ஊர்ல நிதி திரட்டுனாங்க, கனடாப் பக்கம் அவசரத்துக்குன்னு இருந்த பழைய கதவை வாசலா மாத்துற வேலையை ஆரம்பிச்சாங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லி ஒரு சனிக்கிழமை அங்க போயிட்டு வரச் சொல்லுங்கம்மா. மான்ட்ரியால்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான். உள்ள அந்தக் கறுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கு.